பி.எஸ்சி. முதலாண்டு முக்கோணவியல்: சூத்திரங்கள் மனப்பாடமாக இருந்தும் கணக்குகளைச் செய்ய முடியவில்லை

வைகைக்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் பி.எஸ்சி. கணிதம் முதலாண்டு மாணவி. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தேன். முக்கோணவியலில் ஒருநாளும் பயந்ததில்லை. பத்தாம் வகுப்பில் ஏற்றக்கோணம், இறக்கக்கோணக் கணக்குகளை வகுப்பில் முதலில் முடிப்பவள் நான்தான். கல்லூரியில் முதல் பருவத்தில் இயற்கணிதமும் முக்கோணவியலும் சேர்ந்த ஒரு தாள் இருக்கிறது. சென்ற வாரம் நடந்த உள்மதிப்பீட்டுத் தேர்வில் அந்தத் தாளில் எனக்கு 50க்கு 14 மதிப்பெண்தான் கிடைத்தது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

விடுதி அறைச் சுவரில் அறுபத்திரண்டு சூத்திரங்களை எழுதி ஒட்டியிருக்கிறேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் கேள்வித்தாளைப் பார்த்ததும் எந்தச் சூத்திரத்தை எடுப்பது என்று தெரியவில்லை. நான் செய்த பிழைகளைச் சொன்னால் என் குறை உங்களுக்குப் புரியும் என்று நினைக்கிறேன்.

சைன் 5தீட்டாவைச் சைன் தீட்டாவின் அடுக்குகளில் விரித்தெழுதச் சொல்லியிருந்தார்கள். நான் 5தீட்டாவை 4தீட்டா, தீட்டா என்று பிரித்துக் கூட்டல் சூத்திரத்தைப் போட்டேன். பிறகு 4தீட்டாவை மறுபடியும் இரண்டாகப் பிரித்தேன். இரண்டு பக்கம் எழுதிய பிறகு எங்கோ ஒரு கழித்தல் குறி தொலைந்துபோய், விடை வரவில்லை. அடுத்த கேள்வியில், சைன் தீட்டாவைத் தீட்டாவால் வகுத்தால் 5045/5046 கிடைக்கும் என்றால் தீட்டாவின் தோராய மதிப்பைக் காண வேண்டும். அதில் 1/29 என்று சரியாகவே வந்தது. மகிழ்ச்சியோடு "1/29 பாகை" என்று எழுதிக் கட்டம் போட்டேன். விரிவுரையாளர் அந்தக் கட்டத்தைச் சுற்றிச் சிவப்பு மையால் வட்டமிட்டு, "அலகு?" என்று மட்டும் எழுதியிருக்கிறார். மூன்றாவது கேள்வி அதிபரவளைய சார்புகள் பற்றியது. அதைத் தொடவேயில்லை.

பாடம் முழுவதும் ஆங்கிலத்தில் நடக்கிறது என்பதால், எனக்குப் புரியாதது கணிதமா மொழியா என்றே சில நேரம் தெரிவதில்லை. பருவத் தேர்வுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. பதினோராம் வகுப்புப் பாடத்திலிருந்து மறுபடியும் தொடங்க வேண்டுமா, அல்லது இருக்கிற இடத்திலிருந்தே சரிசெய்ய வழி இருக்கிறதா என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

---

பழைய கரும்பலகை (மறுமொழி)

அன்புள்ள மாணவிக்கு, முப்பத்தோரு ஆண்டுகள் இந்தத் தாளைக் கல்லூரியில் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். நீங்கள் எழுதிய மூன்று பிழைகளையும் ஒவ்வோர் ஆண்டும் விடைத்தாள்களில் பார்த்திருக்கிறேன். அவற்றைச் செய்தவர்களில் பலர் பின்னாளில் நல்ல கணித ஆசிரியர்களாக இருக்கிறார்கள். ஆகவே 14 என்ற எண்ணை வைத்து உங்களை அளந்துகொள்ள வேண்டாம்.

பத்தாம் வகுப்பில் கோணம் என்பது ஒரு செங்கோண முக்கோணத்துக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. எதிர்ப்பக்கத்தைக் கர்ணத்தால் வகுத்தால் சைன், அவ்வளவுதான். பதினோராம் வகுப்பில் அது வட்டத்துக்கு வருகிறது. கல்லூரியில் கலப்பெண்ணோடு சேர்கிறது. இந்த மூன்று இடங்களிலும் சூத்திரங்களின் முகம் ஒன்றுபோலவே இருப்பதால், கோணத்தின் பொருள் மாறியிருப்பதை மாணவர்கள் கவனிக்காமல் சூத்திரங்களை மட்டும் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். நீங்கள் பதினோராம் வகுப்பை முழுதாக மறுபடியும் படிக்க வேண்டியதில்லை. அதில் ஓரலகு வட்டம் பற்றிய பக்கங்களையும் ஈருறுப்புத் தேற்றத்தையும், பன்னிரண்டாம் வகுப்பில் கலப்பு எண்கள் பாடத்தில் டி மாய்வரின் தேற்றம் வரும் பகுதியையும் ஒரு வாரம் ஊன்றிப் படித்தால் போதும்.

ஆரம் 1 உள்ள ஒரு வட்டத்தை வரைந்து, அதன் மேல் ஒரு புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். மையத்திலிருந்து அந்தப் புள்ளி கிடைமட்டமாக எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அது கொசைன்; செங்குத்தாக எவ்வளவு உயர்ந்திருக்கிறதோ அது சைன். எழுத்தைச் சுருக்குவதற்காக, கொசைன் தீட்டாவைக் ‘க’ என்றும் சைன் தீட்டாவைச் ‘ச’ என்றும், கற்பனை அலகை வழக்கம்போல் ‘ஐ’ என்றும் எழுதுகிறேன். அப்படியானால் வட்டத்தின் மேலுள்ள அந்தப் புள்ளி க + ஐச என்ற கலப்பெண். இப்படிப்பட்ட இரண்டு கலப்பெண்களைச் சாதாரணமாகப் பெருக்கிப் பாருங்கள்:

(க₁ + ஐச₁)(க₂ + ஐச₂) = (க₁க₂ − ச₁ச₂) + ஐ(ச₁க₂ + க₁ச₂)

வலப்பக்கத்தில் மெய்ப்பகுதி கொசைனின் கூட்டல் சூத்திரம். கற்பனைப் பகுதி சைனின் கூட்டல் சூத்திரம். அதாவது, வட்டத்தின் மேலுள்ள இரண்டு புள்ளிகளைப் பெருக்கினால் அவற்றின் கோணங்கள் கூடுகின்றன. உங்கள் சுவரில் இருக்கும் அறுபத்திரண்டில் பாதிக்கு மேல் இந்த ஒரு வரியிலிருந்து பிறந்தவையாக இருக்கும். ஒரே புள்ளியை ஐந்து முறை பெருக்கினால் கோணம் ஐந்து மடங்காகும். அதுவே டி மாய்வரின் தேற்றம்.

இனி உங்கள் முதல் கணக்குக்கு வருவோம். (க + ஐச)⁵ என்பதை ஈருறுப்புத் தேற்றத்தால் விரிக்க வேண்டும். கெழுக்கள் 1, 5, 10, 10, 5, 1. ‘ஐ’யின் அடுக்குகள் ஐ, −1, −ஐ, 1, ஐ என்று சுற்றி வரும். தொடக்கத்தில் அந்தச் சுற்றைத் தாளின் ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது, ஏனெனில் உங்கள் கழித்தல் குறி தொலைவது பெரும்பாலும் அங்கேதான். கற்பனைப் பகுதியை மட்டும் திரட்டினால்:

சைன் 5தீட்டா = 5க⁴ச − 10க²ச³ + ச⁵

க² இருக்குமிடமெல்லாம் 1 − ச² என்று போட்டுச் சுருக்கினால்:

சைன் 5தீட்டா = 16ச⁵ − 20ச³ + 5ச

இரண்டு பக்கம் எழுதிய இடத்தில் ஆறு வரிகள் போதும். ஆனால் இத்தோடு பேனாவைக் கீழே வைத்துவிடாதீர்கள். தீட்டா 30 பாகை என்று எடுங்கள்; ச = 1/2. வலப்பக்கம் 0.5 − 2.5 + 2.5, அதாவது 0.5. இடப்பக்கம் சைன் 150 பாகை, அதுவும் 0.5. தீட்டா 90 பாகை என்றால் வலப்பக்கம் 16 − 20 + 5 = 1; இடப்பக்கம் சைன் 450 பாகை, அதுவும் 1. இந்தச் சரிபார்ப்புக்கு அரை நிமிடம்கூட ஆகாது. நான் திருத்திய விடைத்தாள்களில் இதைச் செய்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பது என் நெடுநாள் வருத்தம்.

இதன் எதிர்த்திசையிலும் ஒரு கேள்வி உண்டு. சைன் தீட்டாவின் ஐந்தாம் அடுக்கை, மடங்குக் கோணங்களின் சைன்களாக எழுதச் சொல்வார்கள். மேலோட்டமாகப் படிக்கும்போது இரண்டு கேள்விகளும் ஒன்றுபோலத் தோன்றும்; ஆனால் வழி வேறு. இங்கே எக்ஸ் = க + ஐச என்று வைத்தால், 1/எக்ஸ் = க − ஐச ஆகும்; எனவே எக்ஸ் − 1/எக்ஸ் = 2ஐச. இதன் ஐந்தாம் அடுக்கை விரித்து, முதல் உறுப்பைக் கடைசி உறுப்போடும், இரண்டாவதைக் கடைசிக்கு முந்தையதோடும் இணைத்தால்:

16ச⁵ = சைன் 5தீட்டா − 5 சைன் 3தீட்டா + 10 சைன் தீட்டா

90 பாகையில் வலப்பக்கம் 1 + 5 + 10 = 16; சரியாக இருக்கிறது. தொகையீட்டில் சைனின் உயர் அடுக்குகள் வரும்போது இந்த வடிவம்தான் உதவும். முந்தைய வடிவத்தை வைத்துக்கொண்டு அங்கே ஓர் அடிகூட நகர முடியாது.

---

மாடிப்படி வாசகி (மறுமொழி)

தங்கைக்கு அன்பு வணக்கம். நான் தமிழ் வழியில் படித்துவிட்டு இதே தாளைப் பி.எஸ்சி.யில் எழுதியவள், இப்போது எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டு. ஐயா முதல் கணக்கை விளக்கிவிட்டதால், நான் ‘1/29 பாகை’ பற்றியும் மொழி பற்றியும் மட்டும் சொல்கிறேன்.

அந்தக் கணக்கில் நீங்கள் பயன்படுத்திய தொடர் இதுவாகத்தான் இருக்கும்: சைன் தீட்டா = தீட்டா − தீட்டா³/6 + … இதைத் தீட்டாவால் வகுத்து, சிறிய உறுப்புகளை விட்டுவிட்டால் 1 − தீட்டா²/6. கொடுத்திருக்கும் 5045/5046 என்பதை 1 − 1/5046 என்று எழுதலாம். ஆகவே தீட்டா² = 6/5046 = 1/841; தீட்டா = 1/29. இதுவரை நீங்கள் செய்தது முழுக்கச் சரி. ஆனால் தீட்டா ரேடியனில் இருந்தால் மட்டுமே அந்தத் தொடர் உண்மை. ஆரத்தின் நீளமுள்ள வில் வட்டத்தின் மையத்தில் அமைக்கும் கோணமே ஒரு ரேடியன். அது ஏறத்தாழ 57 பாகை 17 கலை 45 விகலை (ஒரு பாகைக்கு 60 கலை, ஒரு கலைக்கு 60 விகலை). அதை 29ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1 பாகை 58 கலை வருகிறது. புத்தகத்தின் விடையும் அதுதான்.

எனக்கு இது உறைத்தது ஒரு பழைய கணிப்பானால்தான். சைன் 1 என்று அழுத்தினேன்; 0.0175 என்று வந்தது. தோழியின் கணிப்பானில் அதே பொத்தான்களை அழுத்தினால் 0.8415 என்று வந்தது. கணிப்பான் பழுதாகிவிட்டது என்று இருவரும் கடைக்குக் கிளம்பிவிட்டோம். என்னுடையது பாகையிலும் அவளுடையது ரேடியனிலும் இருந்ததை, வழியில் எதிரே வந்த ஆய்வக உதவியாளர் அண்ணன்தான் திரையின் மேல் ஓரத்திலிருந்த சின்ன எழுத்தைக் காட்டிப் புரிய வைத்தார். நீங்களும் ஒருமுறை இரண்டு அலகிலும் சைன் 0.1ஐப் போட்டுப் பாருங்கள். ரேடியனில் 0.0998 என்று வரும்; கோணமும் சைனும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதைக் கண்ணால் பார்க்கலாம். பாகையில் அந்த ஒற்றுமை கிடையாது. தொடரோ, எல்லையோ, வகையீடோ வரும் இடத்தில் கோணம் எப்போதும் ரேடியன்தான்.

மொழியைப் பொறுத்தவரை, நான் ஒரு நோட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் நடுவில் கோடு போட்டுப் பிரித்தேன். இடப்பக்கம் ஆங்கிலச் சொல்லை ஒலிப்பின்படி தமிழில் எழுதினேன், வலப்பக்கம் பள்ளியில் படித்த சொல்லை எழுதினேன். ஐடென்டிட்டி என்றால் முற்றொருமை, மாடுலஸ் என்றால் மட்டு, ஆர்க்யூமென்ட் என்றால் வீச்சு, பிரின்சிபல் வேல்யூ என்றால் முதன்மை மதிப்பு. பெரிய கலைச்சொற்கள் உண்மையில் தொல்லை தருவதில்லை. ஒரு மாதத்தில் பழகிவிடும். கேள்வியின் போக்கையே முடிவு செய்கிற சின்னச் சொற்களில்தான் நாம் தடுக்கி விழுகிறோம். "இன் பவர்ஸ் ஆஃப்" என்றால் அடுக்குகளில் எழுத வேண்டும். "மல்டிபிள்ஸ்" என்ற சொல் வந்தால் மடங்குக் கோணங்களில் எழுத வேண்டும். ஐயா சொன்ன இரண்டு கேள்விகளையும் பிரித்துக் காட்டுவது இந்த ஒரு சொல்தான். "நியர்லி" என்ற சொல் இருந்தால், தொடரை எங்கோ வெட்ட வேண்டும் என்று பொருள். "ஹென்ஸ்" என்று தொடங்கும் இரண்டாம் பகுதி, முதல் பகுதியின் விடையை அப்படியே எடுத்துப் பயன்படுத்தச் சொல்கிறது. நான் முதல் தேர்வில் அதை அறியாமல் இரண்டாம் பகுதியை அடியிலிருந்து தொடங்கி, நேரமில்லாமல் பத்து மதிப்பெண்ணை விட்டுவிட்டு வந்தேன்.

---

ஏழாம் பாடவேளை (மறுமொழி)

நான் மேல்நிலைப் பள்ளியில் கணிதம் கற்பிப்பவன். பேராசிரியர் ஐயா சொன்ன அனைத்தையும் ஏற்கிறேன். ஒன்றில் மட்டும் சிறு வேறுபாடு. பாதிக்கு மேற்பட்ட சூத்திரங்கள் ஒரே வரியிலிருந்து வருபவை என்பதைப் படித்துவிட்டு, மாணவி சுவரிலிருக்கும் தாளைக் கிழித்துப் போட்டுவிடுவாரோ என்று அஞ்சுகிறேன். மூன்று மணி நேரத் தேர்வில் எல்லாவற்றையும் வருவித்துக்கொண்டிருக்க முடியாது. 0, 30, 45, 60, 90 பாகைகளின் மதிப்புகள், நான்கு கால்பகுதிகளில் குறிகள், கூட்டல் சூத்திரங்கள், சைன், கொசைன், அடுக்குக்குறிச் சார்பு ஆகியவற்றின் தொடர்கள், ஆறாம் அடுக்கு வரை ஈருறுப்புக் கெழுக்கள் ஆகியவை நாவிலேயே இருக்க வேண்டும். மற்றவற்றை இவற்றிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். சுவரில் இருக்கும் தாளில் ஒவ்வொரு சூத்திரத்துக்கும் பக்கத்தில் அது எதிலிருந்து வந்தது என்று பென்சிலால் ஓர் அம்புக்குறி போடச் சொல்வேன். அம்புக்குறி போட முடியாதவை மட்டுமே மனப்பாடத்துக்கு உரியவை.

ரேடியன் பற்றி மாடிப்படி வாசகி எழுதியதைப் படித்ததும் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று நினைவுக்கு வந்தது. ஆரியபட்டர் 499இல் எழுதிய ஆரியபட்டீயத்தில் சைன் அட்டவணை ஒன்று உண்டு. கால்வட்டத்தை 24 பங்காகப் பிரித்து, ஒவ்வொரு பங்கும் 225 கலை என்று வைத்து, அடுத்தடுத்த மதிப்புகளின் வேறுபாடுகளை 225, 224, 222, 219 என்று தருகிறார். இருபத்து நான்கையும் கூட்டினால் 3438 வருகிறது. அதுதான் அவர் எடுத்துக்கொண்ட வட்டத்தின் ஆரம். ஏன் 3438? வட்டத்தின் சுற்றளவு 360 பாகை, அதாவது 21,600 கலை. அதை இரண்டு பையால் வகுத்தால் ஏறத்தாழ 3438. அதாவது, ஆரத்தையும் வில்லையும் ஒரே அலகால் அளந்திருக்கிறார். ரேடியனின் கருத்தும் இதுதான். அதனால்தான் அட்டவணையின் முதல் எண்ணே 225 கலை வில்லுக்கு 225 என்று நிற்கிறது: கோணம் சிறிதாக இருக்கும்போது சைனும் கோணமும் ஒன்றே. மாணவி ‘1/29’ என்று கண்டுபிடித்த கணக்கின் அடிப்படையும் இதுவே.

சைன் என்ற சொல்லும் நம் பக்கத்திலிருந்து போனதுதான். வில்லின் நாண் என்று பொருள்படும் ‘ஜ்யா’, ‘ஜீவா’ என்ற வடமொழிச் சொற்கள் அரபியில் ஒலிபெயர்ந்தன; அந்த அரபி எழுத்துகளை வளைவு என்ற பொருளுள்ள வேறொரு சொல்லாகப் படித்து, இலத்தீனில் ‘சைனஸ்’ என்று மொழிபெயர்த்தார்கள். வில்லையும் நாணையும் மனத்தில் வைத்துக்கொண்டால் ஓரலகு வட்டம் மறக்காது. சைன் என்பது பாதி நாண்.

உங்கள் பாடத்திட்டத்தில் கிரிகோரியின் தொடர் வருமென்று நினைக்கிறேன். நேர்மாறு டேன்ஜென்டுக்கான அந்தத் தொடரை ஜேம்ஸ் கிரிகோரி 1671இல் கண்டறிந்தார். ஆனால் சங்கமகிராமத்து மாதவர் பதினான்காம் நூற்றாண்டிலேயே கேரளத்தில் அதையும், சைன், கொசைன் தொடர்களையும் அறிந்திருந்தார். ஜேஷ்டதேவர் பதினாறாம் நூற்றாண்டில் மலையாளத்தில் எழுதிய யுக்திபாஷை அவற்றுக்கு நிறுவலும் தருகிறது. அத்தொடரில் 1ஐ இட்டால் பை/4 = 1 − 1/3 + 1/5 − 1/7 + … என்று கிடைக்கும். அழகானது, ஆனால் மிக மெதுவானது: பத்து உறுப்புகளைக் கூட்டிய பிறகும் பையின் மதிப்பு 3.04 அளவில்தான் நிற்கும். 1706இல் ஜான் மேச்சின், 1/5இன் நேர்மாறு டேன்ஜென்டின் நான்கு மடங்கிலிருந்து 1/239இன் நேர்மாறு டேன்ஜென்டைக் கழித்தால் பை/4 வரும் என்று காட்டி, பையை 100 தசம இடங்கள் வரை கணக்கிட்டார். முதல் தொடரில் நான்கு உறுப்புகளும் இரண்டாவதில் இரண்டு உறுப்புகளும் எடுத்தாலே 3.14159 வந்துவிடும். கூட்டல் சூத்திரத்தை மட்டும் வைத்துக்கொண்டு மேச்சினின் வாய்பாட்டை நிறுவிப் பாருங்கள். டேன்ஜென்ட் 1/5 உள்ள கோணத்தை இரட்டித்தால் 5/12, மறுபடி இரட்டித்தால் 120/119. அடுத்து அதிலிருந்து 45 பாகையைக் கழிக்க வேண்டியதுதான்.

---

வைகைக்கரை (கேள்வி கேட்டவர்)

ஐயா இருவருக்கும் அக்காவுக்கும் மனமார்ந்த நன்றி. நான்கு நாள்களாக எழுதிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கொசைன் 6தீட்டாவை விரித்தேன். 60 பாகையில் சரிபார்த்தபோது பொருந்தவில்லை. திரும்பிப் பார்த்தால் ‘ஐ’யின் ஆறாம் அடுக்கை 1 என்று எழுதியிருந்தேன். −1 என்று மாற்றியதும் பொருந்தியது. நானே என் பிழையைக் கண்டுபிடித்தது இதுதான் முதல் முறை. சுவரில் அம்புக்குறி போட்டதில் பதினேழு சூத்திரங்கள் மட்டும் அம்பில்லாமல் நிற்கின்றன. மேச்சின் கணக்கும் வந்தது: 120/119இலிருந்து 1ஐக் கழித்தால் மேலே 1/119, கீழே 1ஐக் கூட்டினால் 239/119, வகுத்தால் 1/239.

இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. அதிபரவளைய சார்புகளை ஏன் முக்கோணவியல் தாளில் வைத்திருக்கிறார்கள்? அதில் முக்கோணமும் இல்லை, வட்டமும் இல்லை. சில முற்றொருமைகளில் குறி மாறுகிறது, சிலவற்றில் மாறுவதில்லை. அடுத்து, டேன்ஜென்ட் (பை/4 + தீட்டா/2) என்பதன் மடக்கை ‘யூ’ என்றால், யூ/2இன் அதிபரவளைய டேன்ஜென்ட் தீட்டா/2இன் டேன்ஜென்டுக்குச் சமம் என்று நிறுவச் சொல்கிறார்கள். எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை.

---

பழைய கரும்பலகை (மறுமொழி)

60 பாகையில் பொருந்தாதபோது திரும்பிப் பார்த்தீர்களே, அதைப் படித்து மிகவும் மகிழ்ந்தேன்.

அதிபரவளைய சார்புகள் இந்தத் தாளுக்கு வருவது ஆய்லர் வழியாக. க + ஐச என்பது ‘ஈ’யின் (இயல் மடக்கையின் அடிமானம், ஏறத்தாழ 2.718) ஐதீட்டா அடுக்குக்குச் சமம் என்று அவர் காட்டினார், 1748இல் வெளிவந்த அவருடைய நூலில் அது இடம்பெற்றது. அதன்படி கொசைன் என்பது ‘ஈ’யின் ஐதீட்டா அடுக்கு, −ஐதீட்டா அடுக்கு இரண்டின் சராசரி. இப்போது தீட்டாவுக்குப் பதிலாக ‘ஐ’ பெருக்கல் எக்ஸ் என்ற கற்பனைக் கோணத்தை இடுங்கள். அடுக்கிலிருந்த ‘ஐ’ மறைந்து, ‘ஈ’யின் எக்ஸ் அடுக்கு, −எக்ஸ் அடுக்கு இரண்டின் சராசரி கிடைக்கும். அதுதான் அதிபரவளைய கொசைன். ஆக, கற்பனைக் கோணத்தின் கொசைனே அதிபரவளைய கொசைன். சைனுக்கு மட்டும் ஒரு ‘ஐ’ வெளியே வந்து நிற்கும்: சைன் (ஐஎக்ஸ்) = ஐ × அதிபரவளைய சைன் எக்ஸ்.

குறி எங்கே மாறுகிறது என்பதற்கும் விடை இதிலேயே இருக்கிறது. இரண்டு சைன்கள் பெருக்கலில் வந்தால் இரண்டு ‘ஐ’கள் சேர்ந்து −1 ஆகின்றன, அங்கே குறி மாறும். ஒரு சைனும் ஒரு கொசைனும் பெருக்கலில் வந்தால் இருபுறமும் ஒவ்வோர் ‘ஐ’ இருந்து நீங்கிவிடும், மாற்றமில்லை. க² + ச² = 1 என்பது அதிபரவளையத்தில் கொசைன்² − சைன்² = 1 ஆவது இதனால்தான். வட்டத்தின் மேல் ஒரு புள்ளி க, ச என்று நின்றதுபோல, இந்த இணை எக்ஸ்² − ஒய்² = 1 என்ற அதிபரவளையத்தின் மேல் நிற்கிறது; பெயரும் அதனால் வந்ததுதான். டேன்ஜென்டில் சற்று கவனம் தேவை: டேன்²இல் இரண்டு சைன்கள் ஒளிந்திருப்பதால் அங்கேயும் குறி மாறும்.

இனி உங்கள் நிறுவலைப் பார்ப்போம். மடக்கையைக் கண்டவுடன் அதை அகற்றுங்கள்: ‘ஈ’யின் யூ அடுக்கு = டேன்ஜென்ட் (பை/4 + தீட்டா/2). தீட்டா/2இன் டேன்ஜென்டை ‘ட’ என்று வைத்தால், கூட்டல் சூத்திரத்தால் வலப்பக்கம் (1 + ட)/(1 − ட). இதிலிருந்து ‘ட’வைப் பிரித்தெடுத்தால், ‘ஈ’யின் யூ அடுக்கிலிருந்து 1ஐக் கழித்து, அதே அடுக்கோடு 1ஐக் கூட்டியதால் வகுத்தது வரும். மேலும் கீழும் ‘ஈ’யின் யூ/2 அடுக்கால் வகுத்துப் பாருங்கள், அதுவே யூ/2இன் அதிபரவளைய டேன்ஜென்ட். இதே கேள்வியில் "ஹென்ஸ்" என்று தொடங்கி, யூவின் அதிபரவளைய கொசைன் தீட்டாவின் சீக்கன்டுக்குச் சமம் என்று காட்டச் சொல்வார்கள். மாடிப்படி வாசகி சொன்னபடி, முதல் விடையை எடுத்து (1 + ட²)/(1 − ட²) என்பதில் இடுங்கள்.

---

வைகைக்கரை (கேள்வி கேட்டவர்)

ஐயா, இரண்டு பகுதிகளும் வந்துவிட்டன. மொத்தம் பதினோரு வரிகள். இன்றைய வகுப்பில் கலப்பெண்களின் மடக்கையைத் தொடங்கினார்கள். ‘ஐ’யை ‘ஐ’ அடுக்குக்கு உயர்த்தினால் மெய்யெண் கிடைக்கும் என்று விரிவுரையாளர் சொல்லிவிட்டு, நிறுவலை நாளை எழுதிவரச் சொன்னார். ‘ஐ’ வட்டத்தின் உச்சியில், பை/2 கோணத்தில் இருக்கிறது; எனவே அதன் மடக்கை ஐபை/2 என்று எழுதினேன். அதை ‘ஐ’யால் பெருக்கினால் −பை/2. ஆகவே விடை ‘ஈ’யின் −பை/2 அடுக்கு, ரேடியனில்தான் போட்டேன், 0.2079 வருகிறது. இது முழு விடையா?

---

பழைய கரும்பலகை (மறுமொழி)

அது முதன்மை மதிப்பு. வட்டத்தின் உச்சிக்கு ஒரு முழுச் சுற்று கூடுதலாகச் சுற்றியும் வந்து சேரலாம். எனவே கோணம் பை/2 மட்டுமல்ல, அதோடு 2பையின் எந்த முழு மடங்கையும் கூட்டிய கோணமாகவும் இருக்கலாம். அதையும் சேர்த்து எழுதினால் ‘ஈ’யின் −(பை/2 + 2எண்பை) அடுக்கு என்று எண்ணற்ற மதிப்புகள் வரும், ‘எண்’ எந்த முழு எண்ணாகவும் இருக்கலாம், வருபவை அனைத்தும் மெய்யெண்களே. நாளைய தாளில் இரண்டையும் எழுதி, முதன்மை மதிப்பு எது என்று தனியாகக் குறிப்பிட்டுவிடுங்கள்.